முதலில் கக்கூஸைக் கட்டுங்கள்

காலை நடைக்கு வரும் என் வயசுக்காரர்களே, இரண்டு மாதமாக நான் பூங்காப் பக்கம் தலைகாட்டவில்லை என்றதும் நம்முடைய சிமெண்டு பெஞ்சில் என்ன பேச்சு நடந்தது என்பது எனக்குத் தெரியும். ஆள் படுத்துவிட்டான், இனி எழுந்திருக்க மாட்டான் என்றுகூட ஒருவர் சொன்னாராம். அவர் யார் என்பதும் தெரியும். எனக்கு முழங்கால் ஆபரேஷன், அவ்வளவுதான். அந்த இரண்டு மாதத்தில் நான் மூன்று வீடு கட்டினேன், ஒரு குடும்பத்தைக் குடியேற்றினேன், ஒரு சமையலறையைக் கொளுத்தினேன். எல்லாம் டேப்லெட்டில்.

பேத்தி போட்டுக் கொடுத்த விளையாட்டு. இதில் சுடுவது, துரத்துவது, ஜெயிப்பது எதுவும் கிடையாது. ஒரு ஆளைச் செய்ய வேண்டும், அவருக்கு வீடு கட்ட வேண்டும், சோறு போட வேண்டும், வேலைக்கு அனுப்ப வேண்டும், தூங்கப் பண்ண வேண்டும். நாம் அறுபது வருஷமாகச் செய்ததுதான். அதைச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு செய்யலாம்.

நம் சங்கத்து ஆண்டு மலருக்கு என் முன்னேற்றத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னார் செயலாளர். அதை நீங்கள் எல்லோரும் என் வாயாலேயே கேட்டிருக்கிறீர்கள். நாலாம் கிளாஸ் படித்தவன், செம்பூரில் எந்தக் கட்டடத்தில் குழாயைத் திறந்தாலும் என் பைப்பு வழியாகத்தான் தண்ணீர் வரும் என்கிற நிலைக்கு வந்தேன். அது பழைய செய்தி. அதைவிட, உங்கள் பேரப்பிள்ளைகளும் இந்த விளையாட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டால் எங்கே தொடங்குவது என்று விழிப்பீர்களே, அதற்கு ஒத்தாசையாக நாலு விஷயம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத ஒரு மே மாதம் குறுக்கே வந்துவிட்டது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முதலில் ஆளைச் செய்யச் சொல்லும். மூக்கு, தாடை, நடை, குணம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பட்டன் உண்டு. புதிதாக ஆடுகிறவர்கள் இங்கேயே ஒரு நாளைத் தொலைத்துவிடுவார்கள். நான் என்னையே செய்தேன். என்னைவிட நல்ல ஆள் கைவசம் இல்லை. மூக்கு மட்டும் சரியாக வரவில்லை. கம்பெனிக்காரன் இப்படி ஒரு மூக்கைப் பார்த்திருக்க மாட்டான்.

ஒரே ஒரு ஆளை வைத்துத் தொடங்குங்கள் என்று பேத்தி சொன்னாள். நான் கேட்கவில்லை. தனியாக ஒருத்தன் வீட்டில் என்ன செய்வான்? அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேரைச் செய்தேன். பத்துக்குப் பத்தில் ஒரு அறை கட்டினேன். ஒரு அடுப்பு, ஒரு கட்டில், சுவரில் ஒரு கடிகாரம். நாலு பேரையும் உள்ளே விட்டுவிட்டுப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு ஆளுக்கும் கீழே சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். பசிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, குளியலுக்கு ஒன்று, பேச்சுத் துணைக்கு ஒன்று, சந்தோஷத்துக்கு ஒன்று, அந்த அவசரத்துக்கு ஒன்று. பச்சையாக இருந்தால் நல்லது. மஞ்சள் என்றால் எழுந்து கவனியுங்கள். சிவப்பு வந்தால் கதை முடிந்தது. என் வீட்டில் நாலு பேருக்கும் அவசரக் கோடு சிவந்தது. அக்கா நடு அறையில் காலைப் பின்னிக்கொண்டு குதித்தாள். பிறகு தரை நனைந்தது. அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பேத்தி ஓடி வந்து பார்த்தாள்.

"தாத்தா, க்யா கியா ஆப்னே? என்ன பண்ணி வச்சிருக்கீங்க? பாத்ரூமே வைக்கலையே நீங்க!"

"அது வெளியில இருக்கும்லா."

"வெளியில எங்க?"

வாழ்நாள் முழுக்க ஊராருக்குக் கக்கூஸ் மாட்டிக் கொடுத்தவன் என் வீட்டுக்கு அதை வைக்க மறந்துவிட்டேன். வீடு என்றதும் என் கை தானாகக் கட்டியது எங்கள் தாராவிக் கோலியை. அந்த ஒற்றை அறையில் எல்லாம் இருந்தது. அது மட்டும் வெளியில்தான் இருந்தது.

வெளியில் என்றால், எங்கள் சந்து முடிந்து, தோல் காயப் போடும் மைதானத்தைத் தாண்டி, பத்துக் கதவு கொண்ட பொதுக் கக்கூஸ், எங்கள் சந்துப் பேச்சில் சண்டாஸ். காலையில் அதற்கு முன்னால் லைன் நிற்கும். லைனில் ஆள் நிற்க வேண்டும் என்பதுகூட இல்லை. டப்பாவை வைத்தால் போதும். டப்பா நிற்பது ஆள் நிற்பதற்குச் சமம். அதைத் தாண்டி முன்னால் போகிறவனை அந்தச் சந்தில் யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். என்னுடையது ஒரு மஞ்சள் வனஸ்பதி டப்பா. அப்பா அதற்குக் கம்பியில் பிடி போட்டுக் கொடுத்திருந்தார். எனக்கு எட்டு வயது. காலையில் முதலில் எழுந்து, அக்காவுக்கும் சேர்த்து இடம் பிடிப்பது என் உத்தியோகம். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த லைனில் என்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. அவளுக்கு அந்த இடம் என்றாலே நடுக்கம். எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் கிடையாது. எல்லாம் எப்போதோ பெயர்ந்து போயிருந்தன. கதவில் ஒரு ஓட்டை, ஓட்டையில் ஒரு கயிறு. உள்ளே இருக்கிறவர்கள் கயிற்றை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து தட்டிக்கொண்டே இருப்பார்கள். "எளா, உள்ள தூங்கிட்டியா?" குளிப்பதும் அப்படித்தான். கோலியின் மூலையில் கணுக்கால் உயரத்துக்குத் திட்டுக் கட்டிய ஒரு மோரி உண்டு, குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அதற்குள்தான். அவள் குளிக்கும்போது அப்பாவும் நானும் சந்தில் போய் நிற்போம். அவள் ரெண்டு சொம்பு ஊற்றுவதற்குள் அம்மா கதவைத் தட்டுவாள்.

அந்த மே மாதத்தில் மாமா ஒரு வரன் கொண்டு வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. திலக் நகர்க் கட்டடங்களில் தண்ணீர்ப் பம்பு ஓட்டுகிறவர். மாப்பிள்ளைக்கு அணுசக்தி நகர்ப் பக்கம் வேலை. இப்போது விக்ரோலியில் தாயும் மகனும் வாடகைக்கு இருக்கிறார்கள், கூடிய சீக்கிரம் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்றார். அக்கா சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, குவார்ட்டர்ஸ்ல பாத்ரூம் உள்ளயா, வெளியவா?"

"உள்ளதாம்ளா."

"தாழ்ப்பாள் இருக்குமா?"

"மாப்பிள்ளை கருப்பா சிவப்பான்னு கேப்பான்னு பாத்தா, தாழ்ப்பாளக் கேக்காளே!" என்று மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. இந்தக் கல்யாணத்தில் அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்பது அன்றைக்கே அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கோலியைப் பார்த்து வரன் தட்டிப் போகாமல் இருக்க மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். திலக் நகரில் ஒரு பாலக்காட்டுக் குடும்பம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தது. குடும்பத் தலைவர் பேங்கில் ஆபீசர். பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி மாமாவிடம் சாவி கொடுத்திருந்தார்கள். பெண் பார்க்கும் வைபவத்தை அந்த வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார் மாமா.

"பொய் சொல்லியா பொண்ணு குடுக்கது?" என்றார் அப்பா. அவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். அதிகம் பேச மாட்டார்.

"பொய் யாரு சொல்லச் சொன்னா அத்தான்? ஒரு வீட்டுல இருக்கப் போறோம். யாரு வீடுன்னு அவிய கேட்டா அப்பப் பாத்துக்கிடுவோம்."

"ஒரு நாளைக்கா?"

"ஒரு நாளைக்குன்னா மூஞ்சி காட்டிக் குடுத்துரும். பத்து நாளு இருந்து பழகணும்."

இப்படியாகத்தான் வாழ்க்கை விளையாட்டை நான் முதல் தடவை ஆடினேன். டேப்லெட் எல்லாம் பிறகு வந்தது.

அம்மாவும் அக்காவும் நானும் போனோம். அப்பா பட்டறை முடிந்து மாலையில் வந்து, காலையில் போவார். நான் மஞ்சள் டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டேன். "அது எதுக்குல?" என்றார் மாமா. புது ஊருக்குப் போகிறோம், லைன் எப்படி இருக்குமோ என்று எனக்குக் கவலை.

அந்த வீட்டின் மொசைக் தரை இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது. குப்புறப் படுத்தால் அந்த மே மாதத்திலும் சில்லென்று இருக்கும். சுவரில் ஒரு சுவிட்சைத் தட்டினால் வேறொரு அறையில் விளக்கு எரியும். நான் தட்டிவிட்டு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இரண்டு அறை, பெரிய கூடம், கட்டில், மெத்தை எல்லாம் இருந்தன. ஆனால் நாங்கள் நாலு பேரும் கூடத்தின் ஒரு மூலையில், எங்கள் கோலியின் அகலத்துக்குள், ஒருவர் கால் மேல் ஒருவர் கால் போட்டுத்தான் தூங்கினோம். மீதி இடம் பூராவும் சும்மா கிடந்தது.

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம். விளையாட்டில் முதல் வீட்டைப் பெரிதாகக் கட்டாதீர்கள். ஆள் நடந்தே களைத்துப் போவார். இருக்கிறவர்களுக்குத் தக்க சின்ன வீடாகக் கட்டி, பழகப் பழக ஒவ்வொரு அறையாகச் சேருங்கள்.

அம்மாவால் அந்தக் குழாயை நம்ப முடியவில்லை. எங்கள் சந்தில் தண்ணீர் விடிகாலையில் சிறிது நேரம் வரும், நின்றுவிடும். இங்கே எப்போது திறந்தாலும் வந்தது. வருகிற வரைக்கும் பிடிப்போம் என்று பிடித்தாள். வாளி, அண்டா, குக்கர், பால் பாத்திரம், டம்ளர்கள், ஆபீசர் வீட்டுப் பூ ஜாடி வரைக்கும் நிரப்பிக் கூடத்துச் சுவரோரமாக வரிசையாக வைத்தாள்.

"யக்கா, மேல டாங்கி இருக்கு. நாந்தான் பம்பு போடுதேன். நாள் பூரா வரும்."

"வரும்ல. வராமப் போனா?"

மாமா பம்பு போடப் போய்விட்டார்.

அக்கா முதல் நாளே குளியலறைக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கூடத்துக்குக் கேட்டது. பித்தளைத் தாழ்ப்பாள், டக் என்று கனமாக விழும். சண்டாஸும் அந்தக் கதவுக்குள்தான் இருந்தது. வெகு நேரம் அவள் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. அம்மா போய்த் தட்டினாள்.

"என்னளா பண்ணுத?"

"வாரேன்."

வரவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அம்மா மாமாவிடம் இரகசியமாகச் சொன்னாள். "அவளுக்கு மாப்பிள்ளை பிடிக்கல போலுக்கு. உள்ள போயி அழுதா. வரும்போது கண்ணு செவந்திருக்கு."

"சோப்புப் பட்டிருக்கும்."

"பொம்பளப் பிள்ள மனசு ஒனக்கு என்ன தெரியும்?"

அப்பாவுக்கும் விஷயம் போயிற்று. "பிடிக்கலைன்னா விட்டுருவோம்" என்றார் அவர். "விட்டுட்டு? பத்து நாளைக்குன்னு நான் உசுரக் குடுத்து ஏற்பாடு பண்ணதெல்லாம்?" என்றார் மாமா. மூன்று பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. விளையாட்டில் ஒரு ஆள் சோர்ந்து நின்றால் அவர் படத்தின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். என்ன குறை என்று அதுவே எழுதிக் காட்டும். நம் ஊகத்துக்கு அங்கே வேலை கிடையாது.

நான் கேட்டேன். அக்கா பால்கனியில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"உள்ள போயி என்னக்கா செய்யுத?"

"ஒண்ணும் செய்யல."

"பின்ன?"

"ஒண்ணும் செய்யாம இருக்கதுக்குத்தாம்ல போறேன்." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தாழ்ப்பாளப் போட்டுட்டுச் சும்மா உக்காந்திருப்பேன். கயிறு பிடிக்க வேண்டாம். ரெண்டு கையும் சும்மா இருக்கும். அம்மாட்டச் சொல்லிராத, கிறுக்கின்னுவா."

சொல்லவில்லை. என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அதை மட்டும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. மாமா காலையிலிருந்தே பறந்தார். அப்பாவுக்குத் தன்னுடைய பேண்ட்டையும் சட்டையையும் மாட்டிவிட்டார். அப்பாவின் கைகளில் தோல் சாயம் முழங்கை வரைக்கும் ஏறியிருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. "கையைப் பின்னால கட்டிக்கிடுங்க அத்தான். ஆபீசர்மாரெல்லாம் அப்படித்தான் நிப்பாங்க" என்றார். எனக்கும் ஒரு சட்டம் போட்டார்.

"லேய், நீ வாயைத் தொறக்கப்பிடாது."

"யாராச்சும் எதாச்சும் கேட்டா?"

"சிரி."

வருகிறவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கரைத்தார்கள். இனிப்புப் போதுமா என்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதை நான் நாலு டம்ளர் பார்த்தேன்.

மூன்று மணிக்கு அக்கா குளிக்கப் போனாள். "இன்னைக்கு மட்டுமாவது சீக்கிரம் வாளா" என்றாள் அம்மா. டக் என்று தாழ்ப்பாள் விழுந்தது. மூன்றரைக்கு அம்மா தட்டினாள். பிறகு மாமா தட்டினார். அப்பா ஒரு தடவை மெதுவாகத் தட்டினார். உள்ளேயிருந்து பதிலே இல்லை. அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

மாப்பிள்ளையும் அவர் தாயும் வந்தார்கள். அந்த அம்மாள் ஒல்லியாக, கையில் துணிப்பையோடு, எதையும் அவசரப்படாமல் பார்க்கிறவள். உட்காரும்போதே கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை. கைக்குட்டையை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு தலை பின்னுதா. இந்தா வந்துருவா" என்றார் மாமா.

எனக்கு அதற்குள் நாலு டம்ளரும் வேலையைத் தொடங்கிவிட்டன. வீட்டில் அதற்கு இருப்பது ஒரே கதவு, அதற்குள் அக்கா. நான் கதவைப் பார்த்தேன், சிரித்தேன். காலை மாற்றிப் போட்டேன், சிரித்தேன்.

"தம்பி என்ன, சிரிச்ச மணியமாவே இருக்கான்?" என்றாள் அந்த அம்மாள்.

"அவன் சுபாவமே அப்படித்தான் மதினி" என்றாள் என் அம்மா.

இனி முடியாது என்ற நிலையில் நான் எழுந்தேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த மஞ்சள் டப்பாவை எடுத்தேன். குக்கரில் இருந்த தண்ணீரை அதில் ஊற்றினேன். கூடத்தின் நடுவில் நின்று அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

"யம்மா, அக்கா இப்ப வர மாட்டா. நான் லைனுக்குப் போயிட்டு வாரேன். இங்கன லைன் எங்க நிக்கும்?"



"கிறுக்குப் பய, விளையாடுதான்" என்றார் மாமா.

"எந்த லைன் தம்பி?" என்றாள் அந்த அம்மாள்.

சிரி என்றுதான் சட்டம். ஆனால் சிரித்தால் காரியம் கெட்டுவிடும் போல் இருந்தது. வாயைத் திறந்தேன். சண்டாஸ் லைன் என்றேன். எங்கள் தாராவிக் கோலியில் பத்துக் கதவு என்றேன். இது ஆபீசர் வீடு, செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாமாவுக்குச் சாவி கொடுத்திருக்கிறார்கள், இன்றைக்கே நாங்கள் திரும்பிப் போய்விடுவோம் என்றேன். ஒன்று விடாமல் சொன்னேன். மாமா சோபாவின் கைப்பிடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து முன்னால் கொண்டு வந்து, மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் என் காலைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

"ஏல, முதல்ல பயலக் கூட்டிட்டுப் போ. பேச்சுப் பெறவு பேசிக்கிடலாம்."

மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடினார். பம்பு அறைக்குப் பின்னால் வாட்ச்மேனுக்கு ஒரு கக்கூஸ் உண்டு. அதற்கும் தாழ்ப்பாள் இல்லை. அவர் வெளியில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பெண் பார்க்க வந்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார் பாவம்.

உள்ளேயிருந்து நான் பேச்சுக் கொடுத்தேன். காரியக்காரன் எங்கிருந்தாலும் காரியக்காரன்தான்.

"ஒங்க குவார்ட்டர்ஸ்ல பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் உண்டா?"

"இருக்கும். ஏன்?"

"இல்லாட்டா?"

"இல்லாட்டா நான் போடுதேன்."

"நெசமா?"

"நெசமா. நீ அவசரப்படாம இரி."

மேலே திரும்பி வந்தபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலை, மொசைக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அப்பா சாயக் கையால் டம்ளரைப் பிடித்திருந்தார். அம்மா கண்ணைத் துடைத்தாள். வரன் முடிந்திருந்தது. மாமா என்னைக் கட்டிப் பிடித்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் முதலில் ஓடினேன்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் துடைத்து, அத்தனை பாத்திரத்துத் தண்ணீரையும் கொட்டிக் கவிழ்த்து வைத்து வீட்டைப் பூட்டினோம். பிறகுதான் அம்மா கேட்டாள். "ஏ தம்பி, செடி?" வீடு முழுக்கத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பத்து நாளும் ஒருவர்கூடச் செடிக்கு ஊற்றவில்லை. சாவி எதற்குக் கொடுத்தார்களோ அது மட்டும் நடக்கவில்லை. பால்கனியில் எல்லாம் குச்சியாக நின்றன. இந்த விளையாட்டிலும் செடிக்குத் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும், மறக்காதீர்கள். என் மஞ்சள் டப்பா அந்த வாட்ச்மேன் கக்கூஸிலேயே தங்கிவிட்டது. மாப்பிள்ளை கையில் கொடுத்தேன், அவர் எங்கோ வைத்தார். மறுநாளிலிருந்து நான் லைனில் நேரிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

எட்டு வயதில் அக்கா கல்யாணத்தை நான்தான் பேசி முடித்தேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். எத்தனை கல்யாண மண்டபத்தில், எத்தனை பந்தியில் சொல்லியிருப்பேன்! நீங்களே கேட்டிருக்கிறீர்கள். உண்மையைப் பேசினேன், அதற்கு மயங்கித்தான் அந்த அம்மாள் சரி என்றாள். என் தொழிலையும் அந்த உண்மையின் மேல்தான் கட்டினேன் என்பேன். தாழ்ப்பாள் தச்சன் வேலை, பிளம்பருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எந்த வீட்டில் வேலை முடித்தாலும் நான் உள்ளே போய் ஒரு தடவை தாழ்ப்பாள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன்.

போன மாதம் அக்கா என் முழங்காலைப் பார்க்க வந்தாள். அத்தான், அதாவது அந்த மாப்பிள்ளை, காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது விக்ரோலியில் மகனோடு இருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்த்தாள். நான் அப்போது அந்த நாலு பேருக்கும் புது வீடு கட்டி, முதல் வேலையாகக் குளியலறை வைத்திருந்தேன். ஆனாலும் ஒரு தொல்லை. ஆட்டத்து அக்கா குளிக்கப் போனால் ஆட்டத்து அம்மா பல் விளக்க உள்ளே நுழைகிறாள். அக்கா கையை ஆட்டிக் கத்துகிறாள். குளித்து முடியாமலே வெளியே வருகிறாள். கோடு மஞ்சளை விட்டு ஏறவே இல்லை.

"பாத்தியா, அம்மா இங்கயும் விடலை" என்றாள் அக்கா.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒனக்குத் தாழ்ப்பாள் வாங்கிக் குடுத்தவன் நானாக்கும். அன்னைக்கு நான் மட்டும் உண்மையைச் சொல்லலைன்னா..." என்று தொடங்கினேன்.

"நீ என்னத்தச் சொன்ன? நீ வாயைத் தொறக்க முன்னயே எங்க அத்தைக்குத் தெரிஞ்சு போச்சு." அவள் அத்தை என்பது மாமியாரை. "டாங்கித் தண்ணி வார வீட்டுல எவளாச்சும் பூ ஜாடியில தண்ணி பிடிச்சு வைப்பாளான்னு பின்னால எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாவ. அவியளும் குக்கர் வரைக்கும் பிடிச்சு வச்சவியதான்."

நான் விடவில்லை. "அப்ப நீ என்னத்துக்குச் சரின்ன? நான் கீழ நின்னு தாழ்ப்பாளுக்கு வாக்கு வாங்கிட்டு வந்தேன்லா."

"அது எனக்கு அப்பத் தெரியுமால? நான் உள்ள இருந்தேன். அன்னைக்குத்தான் கடைசி நாளு. சாயங்காலம் திரும்ப அந்தக் கயிறு. எனக்கு வெளிய வர மனசே இல்ல. நீ போன பெறவு அம்மா கதவ ஒடைக்க மாதிரித் தட்டுதா, மாமா தட்டுதா. அத்தைதான், தட்டாதிய, விடுங்கன்னாவ. பெறவு கதவுக்கு அந்தப் பக்கம் தரையில உக்காந்த சத்தம் கேட்டுச்சு. வளையல் தரையில பட்டுச்சு. 'பிள்ளே, எனக்கு ஒரு அவசரமும் இல்ல. நான் இங்கன உக்காந்திருக்கேன், ஒருத்தரும் தட்ட மாட்டாவ. நீ இருக்க மட்டும் இருந்துட்டு வா'ன்னாவ."

"பெறவு?"

"பெறவு என்ன? கொஞ்ச நேரம் இருந்தேன். ஒருத்தரும் தட்டல. வந்தேன்."

ஐம்பது வருஷத்துக்கு மேல் பந்தியில் பரிமாறிய பெருமை எனக்கு இரண்டு நிமிஷத்தில் போயிற்று. இருந்தாலும் கீழே நின்று தாழ்ப்பாளுக்கு வாக்கு வாங்கியவன் நான்தான், அதை எவரும் மறுக்க முடியாது. பேத்தியைக் கூப்பிட்டேன். கதவுக்குப் பூட்டு உண்டா என்று கேட்டேன். கதவின் மேல் விரலை வைத்தால் பூட்டு வருகிறது. இன்ன ஆளைத் தவிர வேறு யாருக்கும் திறக்காதே என்று சொல்லலாம். சொன்னேன். ஆட்டத்து அக்கா உள்ளே போனாள். ஆட்டத்து அம்மா பல் விளக்க வந்து, திறக்காமல், கதவுக்கு முன்னால் நின்று கையை உதறினாள்.

"எங்க அத்தையையும் செய்யேன்" என்றாள் அக்கா.

செய்தேன். ஒல்லியாக, வயசு கூட்டி. மூக்கு இந்தத் தடவை முதலிலேயே சரியாக வந்துவிட்டது. தரையில் உட்கார வைக்க இந்த விளையாட்டில் எனக்கு வழி தெரியவில்லை. அதனால் குளியலறைக் கதவுக்கு வெளியில் ஒரு நாற்காலி போட்டு, அதில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். முதலில் கக்கூஸ், அதற்கு ஒரு பூட்டு, வெளியில் ஒரு நாற்காலி. மற்ற அறைகளைப் பிறகு கட்டுங்கள்.

உள்ளே அக்காவின் கோடு மஞ்சளிலிருந்து மெல்லப் பச்சைக்கு ஏறியது. இந்த விளையாட்டில் நேரத்தை வேகமாக ஓட்ட ஒரு பட்டன் உண்டு. சீக்கிரம் நிரம்பட்டுமே என்று அதன் மேல் விரலை வைக்கப் போனேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஓட்டாதல. அவ மெதுவா வரட்டும்."